டின்னில் வரும் ஆங்கிலேய பிட்டர் பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பப்புகளில் பிட்டர் என்பது பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படும் பீர். பப்பின் நிலவறையில் கிடக்கும் பீப்பாய்க்குள்ளேயே அதன் கடைசிக் கட்ட நொதிப்பு நடந்து முடிகிறது. கிருமி நீக்குவதற்காக அதைச் சூடாக்குவதில்லை. 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், நாக்கைக் குத்தாத அளவு வாயுவோடு அது குவளைக்கு வந்து சேர்கிறது. அதே பெயரைத் தாங்கிக் கடை அடுக்கில் நிற்கும் டின்னோ, பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, 60 டிகிரி அளவில் சூடாக்கப்பட்டு, வாயு ஏற்றி அடைக்கப்பட்டது. ஆகவே டின் பிட்டரை மதிப்பிட உட்காருபவர், வாயில் படுவதில் எது பீர் தயாரித்தவரின் கைவண்ணம், எது டின்னின் வேலை, எது கிடங்கிலும் கடையிலும் கழிந்த நாட்களின் விளைவு என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தப் பிரிப்புக்காகவே வகுக்கப்பட்டது.

டின்னில் எழுதியிருப்பதைப் படித்தல்

பிட்டர், வலிமையைப் பொறுத்து மூன்று படிகள் கொண்ட ஒரு குடும்பம். பீர்ப் போட்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) வரையறையின்படி, சாதாரண பிட்டரில் ஆல்கஹால் 3.2 முதல் 3.8 சதவீதம் வரையிலும், பெஸ்ட் பிட்டரில் 3.8 முதல் 4.6 வரையிலும், ஸ்ட்ராங் பிட்டரில் 4.6 முதல் 6.2 வரையிலும் இருக்கலாம். டின்னில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு அது எந்தப் படியைச் சேர்ந்தது என்று முடிவு செய்துவிட்டால், 3.4 சதவீத பீரிடம் 5.9 சதவீத பீரின் கனத்தை எதிர்பார்க்கும் பிழை நேராது.

அந்த எண்ணுக்குப் பின்னால் வரிக்கணக்கும் உண்டு. பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த மதுவரி முறையில், 3.5 சதவீதத்துக்குக் குறைவான பீருக்கு வரி குறைவு. இதையொட்டிப் பெயர்பெற்ற சில பீர்களே 3.4 சதவீதத்துக்கு இறங்கின. சில ஆண்டுகளுக்கு முன்பு குடித்த நினைவை வைத்துக்கொண்டு இன்றைய டின்னை எடைபோடுவது சரியாக வராது என்பதற்கு இது ஒரு காரணம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஃபுல்லர்ஸ் ஆலையின் லண்டன் பிரைட் பீப்பாயில் 4.1 சதவீதம், புட்டியில் 4.7, அதே ஆலையின் ஈ.எஸ்.பி. பீப்பாயில் 5.5, புட்டியில் 5.9. அடைத்து விற்கும் பீர் சற்றுக் கனமாகவும் இனிப்பாகவும் தோன்றினால், அதன் செய்முறையே வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, டின்னின் அடிப்பக்கத்தில் அச்சிட்ட தேதியைப் பார்க்க வேண்டும். அடைத்த நாள் பெரும்பாலும் இராது; எந்த நாளுக்குள் குடிப்பது நல்லது என்பது மட்டுமே இருக்கும். அந்தக் கெடு முடியும் வரை பீர் கெடாது என்பது உண்மைதான். ஆனால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் மணம் கெடுவுக்கு வெகுமுன்பே மங்கத் தொடங்கிவிடும். கெடு முடிய ஆறு மாதத்துக்கு மேல் மீதமுள்ள டின்னைத் தேர்ந்தெடுப்பதும், வெயில்படும் சன்னலோரத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தவிர்ப்பதும் நல்லது.

கடைசியாக, டின்னில் ‘டிராஃப்ட்’, ‘ஸ்மூத்’, ‘க்ரீமி’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் உள்ளே விட்ஜெட் இருக்கும். அந்த ஒரு பொருள் மதிப்பீட்டின் பாதியை மாற்றிவிடுவதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விட்ஜெட் என்ன செய்கிறது

விட்ஜெட் என்பது மிக நுண்ணிய துளை கொண்ட, உள்ளீடற்ற சிறு பிளாஸ்டிக் உருண்டை. காலி டின்னைக் குலுக்கினால் கடகடவென்று உருளுவது அதுதான். டின்னை மூடுவதற்கு முன் ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜனை விடுகிறார்கள். அது ஆவியாகி உள்ளே அழுத்தத்தைக் கூட்ட, நைட்ரஜனும் கொஞ்சம் பீரும் துளை வழியே உருண்டைக்குள் புகுந்துவிடுகின்றன. டின்னைத் திறந்ததும் வெளி அழுத்தம் சட்டென்று விழுவதால், உள்ளே அடைபட்டிருந்தது துளை வழியே பீறிட்டு வெளியேறி, பீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனை எண்ணற்ற நுண்குமிழிகளாகக் கிளப்பிவிடுகிறது. கின்னஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் தன் கருப்பு பீருக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த உத்தி, அடுத்த சில ஆண்டுகளிலேயே பிட்டருக்கும் பரவியது. மான்செஸ்டரின் பாடிங்டன்ஸும் யார்க்‌ஷயரின் ஜான் ஸ்மித்ஸ் எக்ஸ்ட்ரா ஸ்மூத்தும் இவ்வகையில் எல்லோரும் அறிந்தவை.

நைட்ரஜன் பீரில் கரைவது மிகக் குறைவு. காற்றிலும் பெரும்பங்கு நைட்ரஜனாகவே இருப்பதால், குமிழியிலிருந்து அது எளிதில் வெளியேறுவதும் இல்லை. அதனால்தான் அந்த நுரை ஆடையைப் போலக் கெட்டியாக, கடைசி மிடறு வரை நிற்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. கரியமில வாயு தரும் புளிப்பான சுருக் நைட்ரஜனிடம் இல்லை. ஆகவே பீர் இருப்பதைவிட இனிப்பாகவும், கசப்பு குறைந்ததாகவும் தோன்றும். கெட்டி நுரை மூடிபோல் நின்று மணத்தையும் தடுக்கும். போதாக்குறைக்கு, ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் நுரையில் போய்ச் சேரும் இயல்புடையவை. நுரையை மட்டும் வழித்துச் சுவைத்தால் கீழே உள்ள பீரைவிட அது கசப்பாக இருப்பதைக் காணலாம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. விட்ஜெட் டின்னில் நுரையின் அழகுக்கு மதிப்பெண் தரக்கூடாது. மந்தமான மணத்துக்காக முழு மதிப்பெண்ணையும் வெட்டவும் கூடாது. இரண்டுமே உருண்டையின் வேலை. அழகான நுரைக்கு மயங்கித் தண்ணீராகக் கிடக்கும் பீரைப் பாராட்டுவதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் பிழை என்பது என் கருத்து.

குளிர்ச்சி, குவளை, வாய்

வெப்பநிலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிட்டரின் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுவையும் ஈஸ்ட் தரும் பழ மணமும் 11 முதல் 13 டிகிரியில்தான் திறந்து வரும். 4 டிகிரியில் அவை உறைந்துபோய்க் கசப்பும் குளிர்ச்சியும் மட்டுமே மிஞ்சும். ஆனால் விட்ஜெட் டின்னை அந்த மிதமான சூட்டில் திறந்தால் பாதி பீர் பொங்கி மேசையில் ஓடும். எனவே விட்ஜெட் டின்னை நன்றாகக் குளிரவைத்துத் திறந்து, முழுவதையும் குவளையில் ஊற்றி, அங்கேயே சூடேற விட வேண்டும். விட்ஜெட் இல்லாத டின்னை முன்கூட்டியே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைக்கலாம். எத்தனை நிமிடம் என்பது அறையின் சூட்டைப் பொறுத்தது; சமையலறை வெப்பமானியைக் குவளையில் வைத்துப் பார்த்துவிடுவதே உறுதியான வழி.

டின்னிலிருந்து நேரடியாகக் குடித்து எந்த பீரையும் மதிப்பிட முடியாது. மூக்குக்கு எதுவும் எட்டாது; உதட்டில் படும் அலுமினியத்தின் வாடையைப் பீரின் குறையாக நினைத்துக்கொள்ள நேரும். உட்புறம் முழுவதும் பூச்சு பூசப்பட்டிருப்பதால் டின்னின் உலோகம் பீரைத் தொடுவதே இல்லை. 1935இல் வேல்ஸின் ஃபெலின்ஃபோயல் ஆலை பிரிட்டனில் முதன்முதலாக பீரை டின்னில் அடைத்தபோதே உட்பூச்சு இருந்தது. டின் பீர் என்றாலே உலோகச் சுவை என்னும் பேச்சு மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

பப்பில் தரும் 568 மில்லி பைன்ட் குவளை, 440 மில்லி விட்ஜெட் டின்னை நுரையோடு முழுதாக ஏற்பதற்குத் தோதானது. மணத்தை நுணுகிப் பார்ப்பதற்கு வாய் சற்றுக் குறுகிய ட்யூலிப் குவளை மேல். எதுவானாலும் எண்ணெய்ப் பசையும் சோப்பு மிச்சமும் இருக்கக்கூடாது. இரண்டும் நுரையைக் கொல்லும். குவளையைத் தண்ணீரில் அலசிக் கவிழ்க்கும்போது நீர் ஒரே படலமாக வழிந்தால் அது சுத்தமானது. திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றால் மறுபடி கழுவ வேண்டும்.

காரமான சாப்பாட்டுக்குப் பிறகோ, காபி குடித்த கையோடோ, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டோ உட்காரக்கூடாது. பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும்.

ஊற்றுதல்

விட்ஜெட் டின்னைத் திறந்து, சீறல் அடங்கிய சில நொடிகளில், சாய்த்த குவளைக்குள் நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மேகம்போல் கீழிறங்கும் குமிழிகள் அடங்கிப் பீர் தெளியும்வரை காத்திருக்க வேண்டும்.

சாதாரண டின்னில் வேலை வேறு. பீப்பாயில் ஒரு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயுதான் கரைந்திருக்கும். டின்னிலோ இரண்டு லிட்டருக்கும் மேல். அந்த உபரி வாயு நாக்கைக் குத்தி, மென்மையாக இருக்க வேண்டிய பீரை லாகர் வகை பீரைப் போல் விறைப்பாக்கிவிடுகிறது. பாதி பீரை அப்படியே ஊற்றி ஒருமுறை சுவைத்து, மறுபாதியை இரண்டு குவளைகளுக்கிடையே நான்கைந்து முறை மாற்றி ஊற்றி வாயுவைத் தணித்துவிட்டு மறுபடி சுவைத்துப் பார்ப்பது பயனுள்ள சோதனை. வாயு குறைந்ததும் மால்ட்டும் பழ மணமும் மேலெழுந்தால் அடிப்படையில் நல்ல பீர். வாயு போனதும் சப்பென்று சக்கையாக நின்றால், இதுவரை தாங்கிப் பிடித்தது வாயு மட்டுமே. வட இங்கிலாந்தில் கைப்பம்பின் மூக்கில் துளைகள் கொண்ட ஸ்பார்க்ளரை மாட்டி நுரை கட்டவைப்பதும், தெற்கே அது பீரைக் கெடுக்கும் வேலை என்று முகம் சுளிப்பதும் நெடுநாள் வழக்கு. பீரின் வாயுவைத் தணித்துப் பார்த்தவருக்கு இரு தரப்பின் நியாயமும் புரிந்துவிடும்.

டின்னுக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட்டோடு நொதிக்கும் பிட்டர்களும் உண்டு. பிரிஸ்டலின் மூர் பீர் ஆலை இதற்குப் பெயர்பெற்றது. 1971 முதல் பீப்பாய்ப் பீருக்காக வாதாடிவரும் கேம்ரா அமைப்பே அதன் டின்னை அசல் ஏல் (கொள்கலனுக்குள்ளேயே நொதித்து முடியும் மரபுவழி பீர்) என்று ஏற்றது. இவற்றை நிமிர்த்தி வைத்திருந்து, மெதுவாக ஊற்ற வேண்டும். இவற்றில் மங்கல் தெரிந்தால் குறையல்ல.

பார்த்தல்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். இளம் அம்பர் நிறத்திலிருந்து ஆழ்ந்த செம்பு நிறம் வரை எதுவும் ஏற்புடையது. வடிகட்டிய பீர் பளிச்சென்று தெளிவாக இருக்க வேண்டும். விட்ஜெட் இல்லாத டின்னில் மெல்லிய, வெள்ளையோ சற்றே பழுப்போ கலந்த நுரை போதும். குடிக்கக் குடிக்கக் குவளையின் உட்புறம் வளையம் வளையமாக நுரை ஒட்டிக்கொண்டால் நல்ல அறிகுறி. கருஞ்சிவப்பாக, மங்கலாக இருந்தால் பழசாகிவிட்டதோ என்று ஐயப்பட்டு மூக்கிடம் கேளுங்கள்.

முகர்தல்

ஊற்றி அடங்கிய உடனே, சிறு சிறு இழுப்பாக இரண்டு மூன்று முறை முகர வேண்டும். நீண்ட நேரம் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் வேறுபாட்டை உணராது. விட்ஜெட் பீரில் கரண்டியால் நுரையை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, குவளையைச் சுழற்றி முகர வேண்டும்.

முதலில் தேட வேண்டியது மால்ட்டின் மணம். நல்ல பிட்டரின் முதுகெலும்பு வெளிர் ஏல் மால்ட். அதில் 1965 அளவில் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட மாரிஸ் ஆட்டர் பார்லி இன்றும் மதிக்கப்படுகிறது. டிமத்தி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்டுக்குப் பயன்படுவது கோல்டன் பிராமிஸ் என்னும் வகை. இவற்றிலிருந்து பிஸ்கட், வறுத்த ரொட்டி, கொட்டைப் பருப்பு போன்ற மணம் வரும். கூடவே சேர்க்கும் சிறிதளவு கிரிஸ்டல் மால்ட் டாஃபி மணத்தைத் தரும். டாஃபி மட்டுமே ஓங்கி நின்றால் ஒன்று கிரிஸ்டல் மால்ட் அதிகம், அல்லது டின் பழசு.

அடுத்தது ஹாப்ஸ். கென்டின் கோல்டிங்ஸ் பூ மணமும் தேன் சாயலும் கொண்டது. ஃபகிள் மண்ணையும் ஈர மரத்தையும் நினைவூட்டும். சேலஞ்சர், டார்கெட் போன்றவற்றில் ஆரஞ்சுத் தோலும் மசாலாவும் தெரியும். அமெரிக்க ஹாப்ஸின் பம்பளிமாஸ், மாம்பழ மணங்களைத் தேடி வந்தவர்களுக்கு இது அடங்கிய மணமாகவே படும். அடக்கம் இந்த வகையின் இயல்பு என்பதால் அதைக் குறையாக எழுதக்கூடாது. மூன்றாவதாக ஈஸ்ட்: பேரிக்காய், ஆப்பிள், ஆரஞ்சு மார்மலேடு போன்ற பழ மணங்கள். ஃபுல்லர்ஸ் பீர்களில் அந்த மார்மலேடு சாயல் ஆலையின் கையொப்பமே போன்றது. பர்ட்டனில் காய்ச்சிய பீர்களில் ஊற்றியதும் தீக்குச்சி உரசியது போன்ற கந்தக வாடை எழுந்து மறையலாம். ஜிப்சம் செறிந்த அவ்வூர்த் தண்ணீரின் குணம் அது. மார்ஸ்டன்ஸ் பெடிக்ரீயை விரும்புவோர் அதைத் தேடியே குடிப்பார்கள்.

சுவைத்தல்

ஒரு நல்ல மிடறு எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்க வேண்டும். ஒயினைப் போலத் துப்பிவிட்டால் பிட்டரின் பாதிக் கதை தெரியாது, ஏனெனில் அதன் கசப்பு விழுங்கிய பிறகே முழுதாக எழுகிறது. விழுங்கியபின் பத்துப் பதினைந்து நொடிகள் எதுவும் பேசாமல் கவனியுங்கள்: முதலில் மெல்லிய இனிப்பு, நடுவில் பிஸ்கட்டும் பழமும், முடிவில் கசப்பு எழுந்து வாயை உலர்த்தி அடங்குதல் என்பதே எதிர்பார்க்கும் வரிசை.

சாதாரண பிட்டரின் கசப்பு 25 முதல் 35 ஐ.பி.யூ. வரை இருக்கும், ஸ்ட்ராங் பிட்டரில் 50 வரை போகலாம். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்புச் சேர்மம் இருக்கிறது என்பதையே இந்த அளவு ஏறக்குறையக் குறிக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 30 ஐ.பி.யூ., மால்ட் குறைவான 3.5 சதவீத பீரில் தெளிவாகக் கசக்கும். 7 சதவீத பீரில் இனிப்பில் அமுங்கிவிடும். எனவே கசப்பு எவ்வளவு என்று கேட்பதைவிட, அது மால்ட்டைச் சற்றே வென்று நிற்கிறதா, அது எப்படி அடங்குகிறது என்று கேட்பதே பொருத்தம். நல்ல டிகாக்‌ஷனின் கசப்பைப் போல வாயைச் சுத்தமாக்கி அடுத்த மிடற்றை அழைப்பது நல்ல கசப்பு. தொண்டையில் காரலாக ஒட்டிக்கொண்டு நாவைத் துவரவைப்பது கெட்ட கசப்பு. தண்ணீரில் சல்பேட் மிகுந்தால் முடிவு கூர்மையாகவும் உலர்ந்தும், குளோரைடு மிகுந்தால் மால்ட் உருண்டு திரண்டும் தெரியும். பர்ட்டன் வழி பீருக்கும் லண்டன் வழி பீருக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி இதுதான்.

உடலின் கனம் மெலிதிலிருந்து நடுத்தரம் வரை இருக்கலாம். விட்ஜெட் தரும் வழவழப்பைக் கனம் என்று எண்ணிவிடக்கூடாது. நுரையைத் தவிர்த்து அடியில் உள்ள பீரை மட்டும் ஒரு மிடறு எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

குவளையின் கடைசி மூன்றில் ஒரு பங்கை நான் தனியாக மதிப்பிடுகிறேன். பிட்டர், பேச்சுக்கிடையே பைன்ட் கணக்கில் குடிப்பதற்காகவே குறைந்த ஆல்கஹாலில் வளர்ந்த பீர். சூடேறி, வாயு அடங்கிய நிலையில் அது சலிக்கவைத்தால், முதல் மிடறு எவ்வளவு இனித்திருந்தாலும் அது தேறாது.

குறை யாருடையது

ஆலையின் குறைகள் சில. வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் வாடை டைஅசிட்டைலால் வருவது. சில ஆங்கிலேய பீர்களில் இலேசாக இருப்பதை ஏற்றுக்கொள்ளலாம், வாயில் பிசுபிசுக்கும் அளவு கூடாது. பச்சை ஆப்பிள் வாடை, நொதிப்பு முழுமையாகாததன் அடையாளம். வேகவைத்த மக்காச்சோள வாடை டைமெத்தில் சல்ஃபைடால் வருவது. பிட்டரில் அதற்கு இடமில்லை.

ஈரமான அட்டைப்பெட்டியின் வாடையும், ஷெர்ரி போன்ற மழுங்கிய இனிப்பும் ஆக்சிஜனின் வேலை. அடைக்கும்போது காற்று புகுந்திருக்கலாம், சூடான கிடங்கில் நாள்பட்டிருக்கலாம். கெடு தேதி தொலைவில் இருந்தும் அட்டை வாடை அடித்தால் அடைத்த விதத்தையோ வைத்திருந்த சூட்டையோ சந்தேகிக்கலாம். கெடு நெருங்கியிருந்தால் வயதே காரணம். பச்சை, வெள்ளைப் புட்டிகளில் வெளிச்சம் பட்டு எழும் துர்நாற்றம் டின்னில் வர வழியே இல்லை. டின்னின் பெரிய நன்மை இது.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. முப்பதை எட்டினால் மிக நன்று, 38ஐ எட்டினால் சிறப்பு. இந்தத் தாளையே பயன்படுத்தலாம். ஆனால் விட்ஜெட் டின்களையும் சாதாரண டின்களையும் ஒரே வரிசையில் வைக்காமல் தனித்தனி அமர்வாகச் சுவைக்க வேண்டும் என்பேன். கலந்து வைத்தால் வழவழப்புக்குப் பழகிய வாய், அடுத்த பீரைக் கரடுமுரடு என்று தள்ளிவிடும். ஓர் அமர்வுக்கு மூன்று பீர் போதும். வலிமை குறைந்ததிலிருந்து தொடங்கி, பெயர் தெரியாதபடி வேறொருவரை ஊற்றித் தரச் சொன்னால், விளம்பரமும் பழைய பாசமும் குறுக்கே வரா. பாடிங்டன்ஸின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலை 2005இலேயே மூடப்பட்டுவிட்டது. பெயர் தரும் எதிர்பார்ப்பு வேறு, டின்னில் இருப்பது வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

மதிப்பெண்ணோடு ஆல்கஹால் சதவீதம், கெடு தேதி, டின்னின் அடியிலுள்ள தொகுதி எண், சுவைத்தபோதிருந்த வெப்பநிலை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை வாடை, புளிப்பு போன்ற பெருங்குறை தென்பட்டால், இருபதுக்குக் கீழே மதிப்பெண் போடுவதற்கு முன், வேறொரு கடையில் வேறு தொகுதி எண் கொண்ட இன்னொரு டின்னை வாங்கித் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் அதே குறை இருந்தால் ஆலையின் கணக்கில் எழுதலாம். இல்லாவிட்டால் முதல் டின்னின் மதிப்பெண்ணை அடித்துவிட்டு இரண்டாவதன் மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.